பயத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது

எங்கள் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் லேத் ஓட்டியவர். போனஸ் பேச்சுவார்த்தை என்றால் மேனேஜர் அறைக்குள் முதல் ஆளாய் நுழைகிறவர். ரேஷன் கடையில் எடை குறைத்துப் போட்டதற்காக ஒருமுறை அவர் போட்ட சத்தத்தில் எங்கள் தெருவே கூடிவிட்டது. அப்பாவுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்று சின்ன வயதில் நான் நினைத்ததே இல்லை, லீவுக்கு ஊருக்குப் போகும்வரை.

பூந்தமல்லியில் பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் மாறி, செய்யாறில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ். வழி முழுக்க அப்பா பேசிக்கொண்டே வருவார். இறங்கி நடந்தால் ஒரு புளியமரம். அதைத் தாண்டினால் ஊர்த்தெரு. ஊர்த்தெருவைத் தாண்டினால்தான் எங்கள் காலனி. புளியமரம் வந்ததும் அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். பீடியைக் கீழே போட்டு மிதிப்பார். நான் ஏதாவது கேட்டால், "பேசாம வாம்மா" என்பார். காலனியின் முதல் வீடு தெரிந்ததும் வேட்டி மேலே ஏறும், பேச்சும் திரும்பி வரும். இதில் எந்த அப்பா நிஜம் என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். ஆனால் கேட்டதில்லை.

போன வருஷம் ஆயாவின் கருமாதிக்குப் போயிருந்தேன். பூ வாங்கி வர சித்தப்பா மகனின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் அவன் மகள், ஏழாவது படிக்கிறவள், உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. புளியமரத்தடியில் என் கை தானாக ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டது. வண்டியை நிறுத்தினேன். இறங்கினேன். தள்ளிக்கொண்டே ஊர்த்தெருவைக் கடந்தேன். ஒருவரும் என்னை எதுவும் சொல்லவில்லை. ஒரு திண்ணையில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து மழையைப் பற்றியோ எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏன் அத்தை இறங்கிட்டீங்க? பெட்ரோல் இல்லையா?" என்று கேட்டாள் பாப்பா.

"ஆமாம்மா" என்றேன்.

அந்தப் பொய் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. நான் சமூகவியலில் முதுகலை படித்தவள். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், பூந்தமல்லி என்று இதே போன்ற ஒரு ஸ்கூட்டியில்தான் பன்னிரண்டு வருஷமாகச் சுற்றுகிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். "பயப்படாதீங்க, சட்டம் நம்ம பக்கம் இருக்கு" என்று எத்தனையோ பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவளை ஒரு புளியமரம் வண்டியிலிருந்து இறக்கிவிட்டது. யாரும் மிரட்டவில்லை, யாரும் தடுக்கவில்லை. அப்படியானால் என்னை இறக்கியது எது?

கூட வேலை செய்யும் மனநல ஆலோசகர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உன் ஹிப்போகேம்பஸ் தன் வேலையைப் பார்த்திருக்கு" என்றார். அன்றிலிருந்துதான் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் டாக்டரோ விஞ்ஞானியோ இல்லை. படித்ததில் நமக்கு உதவும் என்று பட்டதை நம் ஆட்களுக்குச் சொல்கிறேன்.

காதுக்குச் சற்று உள்ளே, மூளையின் இரண்டு பக்கமும், வளைந்த சுண்டுவிரல் மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. பார்க்கக் கடற்குதிரை போல இருந்ததால் 16-ம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் ஒருவர் கடற்குதிரைக்கான கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். அதுதான் ஹிப்போகேம்பஸ். புது நினைவுகளை உருவாக்குவது அதன் முக்கியமான வேலை. இன்னொரு வேலையும் உண்டு. 1971-ல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் என்ற விஞ்ஞானி, எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களை இங்கே கண்டுபிடித்தார். இந்த மூலைக்கு ஒரு கூட்டம் அணுக்கள், அந்த மூலைக்கு வேறு கூட்டம். அதாவது நாம் நடமாடும் உலகத்தின் வரைபடம் நம் தலைக்குள்ளேயே இருக்கிறது. இதற்காக 2014-ல் அவருக்கும் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வரைபடத்துக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்? 1992-ல் அமெரிக்காவில் கிம், ஃபான்ஸ்லோ என்ற இருவர் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. எலியை ஒரு பெட்டிக்குள் விட்டார்கள். ஒரு சத்தம் கேட்கவைத்து, கூடவே காலில் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். இப்படிச் செய்தால் எலி இரண்டு விஷயத்துக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளும். ஒன்று அந்தச் சத்தம், இன்னொன்று அந்தப் பெட்டி. மறுநாள் சில எலிகளின் ஹிப்போகேம்பஸைச் சேதப்படுத்தினார்கள். பிறகு பார்த்தால், சத்தம் கேட்டதும் அந்த எலிகள் முன்போலவே உறைந்து நின்றன. ஆனால் அதே பெட்டிக்குள் விட்டபோது அவ்வளவாகப் பயப்படவில்லை. சத்தத்தைப் பற்றிய பயத்தை மூளையின் அமிக்டலா என்ற பகுதி காப்பாற்றி வைத்திருந்தது. "இந்த இடத்தில்தான் அடி விழுந்தது" என்ற பயத்துக்கு ஹிப்போகேம்பஸ் தேவைப்பட்டது.

எளிமையாகச் சொன்னால், அடியின் வலியை அமிக்டலா பிடித்து வைக்கிறது. அடி விழுந்த முகவரியை ஹிப்போகேம்பஸ் எழுதி வைக்கிறது.

பதற்றத்தை அளக்க விஞ்ஞானிகள் இன்னொரு சோதனையும் செய்கிறார்கள். தரையிலிருந்து உயரத்தில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பலகை. நான்கு கைகளில் இரண்டுக்குப் பக்கச்சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்த வெளி. எலி பெரும்பாலும் சுவருக்குள்ளேயே இருக்கும். எப்போதாவது திறந்த கைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். எவ்வளவு நேரம் வெளியே வருகிறது என்பதை வைத்து அதன் பதற்றத்தைக் கணக்கிடுகிறார்கள். 2018-ல் மாசன் கெய்ர்பெக், ரெனே ஹென் ஆகியோரின் குழு எலியின் ஹிப்போகேம்பஸின் அடிப்பகுதியில் ஒரு தொகுதி அணுக்களைக் கண்டது. எலி திறந்த கைக்கு வந்தால் இவை துடிக்கின்றன. பதற்ற அணுக்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. அங்கிருந்து ஹைப்போதலாமஸுக்குப் போகும் பாதையை ஒளியைப் பாய்ச்சி அமைதிப்படுத்தியதும், எலி தயங்காமல் வெளியே வந்து நடந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்தான் தெரிந்தது. காலனி சுவருள்ள கை. ஊர்த்தெரு திறந்த கை. புளியமரம்தான் நடு.

ஆனால் என் கேள்வி இன்னும் பாக்கியிருந்தது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அம்பத்தூர். ஊருக்கு வருஷத்தில் பத்து நாள் போனால் அதிகம். சின்ன வயதுப் பயம் இத்தனை வருஷ நகர வாழ்க்கையில் அழிந்திருக்க வேண்டாமா?

அழியாது என்கிறது ஆராய்ச்சி. அமெரிக்க உளவியலாளர் மார்க் பௌட்டன் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த விஷயம் இது. ஒரு பெட்டியில் எலிக்குப் பயத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிறகு வேறொரு பெட்டியில் அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, ஆனால் அதிர்ச்சி கொடுக்காமல், பயத்தைத் தணிக்கிறார்கள். எலி சாதாரணமாகிவிடுகிறது, பயமே போய்விட்டது போலத் தோன்றுகிறது. அதைத் திரும்ப முதல் பெட்டிக்குள் விட்டால், பயம் அப்படியே திரும்பி வருகிறது. பழைய நினைவு அழியவில்லை. "இங்கே ஆபத்தில்லை" என்று ஒரு புது நினைவு அதன்மேல் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் புது நினைவு எழுதப்பட்ட இடத்தில்தான் செல்லும். எந்த இடத்தில் எந்த நினைவை எடுப்பது என்று முடிவு செய்வதில் ஹிப்போகேம்பஸுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மேனேஜரிடம் சண்டை போட்ட அப்பா ஏன் புளியமரத்தடியில் வேட்டியை இறக்கினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்த அப்பா நிஜம் என்ற என் சின்ன வயதுக் கேள்வியே தப்பு. இரண்டு பேரும் நிஜம். அம்பத்தூரில் கற்ற தைரியம் அம்பத்தூரில் செல்லுபடியாகும். ஊரில் கற்ற பயம் ஊரிலேயே காத்திருக்கிறது. அப்பாவுக்கு அங்கே என்ன நடந்தது என்று அதன் பிறகுதான் கேட்டேன். நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அப்பாவ அங்க மரத்துல கட்டிவெச்சு அடிச்சாங்க. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். எட்டு வயசு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கதை இதுவரை தெரியாது. ஆனால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் கை இறுகுவது எனக்குத் தெரியும். என் வரைபடத்தில் அந்த மரத்தைக் குறித்தது அந்தக் கைதான்.

இது ஏதோ படிக்காதவர்களின் பயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தன் கைப்பட எழுதிவைத்த 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு நூலைப் படியுங்கள். 1901-ல், சிறுவனாக, கோரேகாவுக்குப் போன பயணத்தில் வண்டிக்காரர்கள் வர மறுத்ததையும், வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்ததையும் அதில் எழுதுகிறார். அடுத்ததாகப் பரோடா. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு வேலைக்காக அங்கே வந்து இறங்குகிறார். வெளிநாட்டில் இருந்த ஐந்து வருஷத்தில் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே தன் மனதிலிருந்து துடைத்தெறியப்பட்டிருந்ததாகச் சொல்கிறார். ஆனால் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், எங்கே போவது, யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி அவரை அலைக்கழிக்கிறது. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து நிற்கிறது. பல வருஷம் கழித்து எழுதும்போதும் அதை நினைத்தால் கண்ணீர் வருகிறது என்கிறார்.

கொலம்பியா பல்கலைக்கழகம் துடைத்ததைப் பரோடா ரயில் நிலையம் ஒரு நொடியில் திரும்ப எழுதிவிட்டது. இடத்தைச் சார்ந்த பயத்தில் ஹிப்போகேம்பஸுக்கு உள்ள பங்கைக் காட்டும் இந்த ஆய்வுகள் வராத காலத்தில் அண்ணல் இதைத் தன் வாழ்க்கையை வைத்தே சொல்லிவிட்டார். அவர் அந்தப் பயத்தைத் தன் கோழைத்தனமாக எழுதவில்லை. இந்த நாட்டின் லட்சணமாக எழுதினார்.

என் வேலையில் இது எங்கே உதவியது என்று சொல்கிறேன். பட்டாபிராம் பக்கம் ஒரு அக்கா இருக்கிறார். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஊரில் ஒரு நிலத்தகராறில் ராத்திரியில் வீடு புகுந்து அடித்தார்கள். வன்கொடுமை வழக்கு பதிவானது. குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. லைனில் சூப்பர்வைசர் அதட்டினால் திருப்பிக் கேட்கிற ஆள். ஆனால் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. கோர்ட் இருக்கும் ஊர் அவர் ஊருக்குப் பக்கம். பஸ் அந்தப் பாலத்தைத் தாண்டும்போதே உள்ளங்கை வேர்த்துவிடும்.

சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். மணி எத்தனை? முதலில் உள்ளே வந்தவர் யார்? புகாரில் நாலு பேர் என்றீர்கள், இப்போது ஆறு பேர் என்கிறீர்களே? அக்காவால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. அன்னக்கூடை உருண்டு சுவரில் மோதிய சத்தத்தைச் சொன்னார். ஒருவன் சட்டையில் அடித்த மண்ணெண்ணெய் வாடையைச் சொன்னார். மணி தெரியவில்லை. "சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார்" என்றார் வக்கீல். வெளியே வந்ததும் நம் தரப்பு ஆட்களே, "என்னக்கா, இப்படிச் சொதப்பிட்டியே" என்றார்கள்.

கடுமையான பயத்தில் மூளை நினைவை எப்படிப் பதிகிறது என்பது தெரிந்தால் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். அந்த நேரத்தில் உடம்பில் பாயும் அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்புகள் அமிக்டலாவின் வேலையைக் கூட்டுகின்றன. அதனால் சத்தம், வாடை, ஒரு முகம், ஒரு கை என்று கண்முன் நின்றது ஆழமாகப் பதிந்துவிடும். எது முன்னால், எது பின்னால், சுற்றிலும் யார் யார் என்று கோத்து வைக்கிற வேலை ஹிப்போகேம்பஸுடையது. பயம் உச்சத்தில் இருக்கும்போது அந்த வேலை தடுமாறலாம். ஆக அன்னக்கூடையின் சத்தம் நினைவிருந்து மணி நினைவில்லாமல் போவது பொய்யின் அடையாளம் ஆகாது. பொய் சொல்ல வருகிறவர்தான் மணியை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் நாங்கள் மூன்று காரியம் செய்தோம். முதலாவது, எங்கள் வக்கீலிடம் இதை விளக்கினோம். நினைவு ஏன் துண்டு துண்டாக இருக்கிறது என்பதை நீதிமன்றத்தில் அவர் எடுத்துவைத்தார். இரண்டாவது, 2015 திருத்தத்தில் சேர்ந்த 15ஏ பிரிவின்படி பாதுகாப்பும் பயணச் செலவும் கேட்டு மனு போட்டோம். பாதிக்கப்பட்டவர், சாட்சிகள், அவர்களைச் சார்ந்தவர்கள் எல்லோருக்கும் பாதுகாப்பு, விசாரணைக் காலத்துப் பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, மறுவாழ்வு, தேவைப்பட்டால் இடமாற்றம் எல்லாம் அதில் உரிமை. ஜாமீன் விசாரணையில் தன் தரப்பைச் சொல்லும் உரிமையும் உண்டு. இது சலுகை இல்லை, கேட்டு வாங்க வேண்டியது. மூன்றாவது, வாய்தா இல்லாத ஒரு நாளில் ஆறு பெண்கள் சேர்ந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோர்ட்டுக்குப் போனோம். வராந்தாவில் உட்கார்ந்தோம், எதிர்க்கடையில் டீ குடித்தோம், திரும்பி வந்தோம். அடுத்த மாதமும் போனோம். அந்த இடத்தைப் பற்றிய புது நினைவை அந்த இடத்தில்தானே எழுத முடியும்? வாய்தா அன்று அக்கா நன்றாகச் சொன்னார். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "எங்க போவும்? பக்கத்துல நீங்க இருந்தீங்க, அதான்" என்றார்.

அந்தச் சட்டத்தின் 14-ம் பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலாகி இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது. அக்காவின் வழக்கு ஐந்தாவது வருஷத்தில் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவும் அந்தப் பெட்டிக்குள் திரும்பவும் ஒரு முறை போய்வருவதுதான்.

தொடர்ந்து நெருக்கடியில் இருந்தால் மூளைக்கு என்ன ஆகிறது என்பதை நம் பக்கத்திலேயே, பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில், சுமந்த்ர சட்டர்ஜியின் குழு ஆராய்ந்திருக்கிறது. எலிகளைத் தினமும் 2 மணி நேரம், 10 நாள், அசையவிடாமல் அடைத்து வைத்தார்கள். ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. 2002-ல் வெளியான ஆய்வு இது. 2004-ல் அடுத்த ஆய்வு வந்தது. எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டுப் பார்த்தார்கள். ஹிப்போகேம்பஸ் தேறிவிட்டது. அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே இருந்தது, பதற்றமும் குறையவில்லை. நெருக்கடி நின்றாலும் பயம் உடனே நின்றுவிடுவதில்லை. "அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நமக்கோ நெருக்கடி நிற்பதே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். எலி எலிதான், மனிதர் மனிதர்தான். எலியிடம் கண்டதை அப்படியே மனிதர்மேல் போட முடியாது. இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. "அவங்க மூளையே அப்படி" என்று சொல்ல இந்த நாட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். பிறப்பைக் காட்டித் தாழ்த்தியவர்களுக்கு மூளைப் படத்தைக் காட்டித் தாழ்த்துவது ஒன்றும் கஷ்டமில்லை. சமூகவியல் படித்தவளாக எனக்கு இந்தத் துறைமேல் இருந்த சந்தேகமும் அதுதான். ஆனால் நான் படித்தவரை இந்த ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன. பெட்டிக்குள் உறைந்து நிற்கும் எலியின் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. நடந்ததைச் சரியாகக் குறித்து வைத்திருக்கிறது. தப்பு பெட்டியில் இருக்கிறது, அதற்குள் மின்சாரம் பாய்ச்சிய கையில் இருக்கிறது.

நம் ஆட்கள் மனநல மருத்துவரிடம் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, வாழவே வெறுப்பாக இருந்தால் கட்டாயம் போக வேண்டும். மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் பலரைக் காப்பாற்றியதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் மின்சாரத்தை நிறுத்தாத பெட்டிக்குள் திரும்பத் திரும்ப ஒருவரை விட்டு, "தைரியமா இருக்கப் பழகு" என்று சொல்வது வைத்தியம் ஆகாது. ஆபத்து இல்லாத இடத்தில் வரும் பயத்துக்குத்தான் சிகிச்சை. ஆபத்து அங்கேயே உட்கார்ந்திருந்தால் அந்தப் பயம் சரியான தகவல். மாற்ற வேண்டியது இடத்தை.

நகரத்தில் வந்துவிட்டால் எல்லாம் சரி என்பவர்களுக்கும் ஒன்று. அம்பத்தூரில் வாடகை வீடு தேடி நான் அலைந்திருக்கிறேன். "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்பது முதல் கேள்வி. "சொந்த ஊர் எது?" இரண்டாவது. "அங்க எந்தப் பக்கம்?" மூன்றாவது. மூன்றாவது கேள்வி வந்த தெருக்களில் இன்றுவரை நான் வண்டியை மெதுவாக ஓட்டுவதில்லை. வேகமாகக் கடந்துவிடுகிறேன். இங்கேயும் என் வரைபடத்தில் சில புளியமரங்கள் இருக்கின்றன.

பொதுப்பாதை, பொதுக்கிணறு எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தைச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924-லேயே நம் தலைவர்கள் நிறைவேற்ற வைத்தார்கள். நூறு வருஷம் ஆகிவிட்டது. பாதைப் போராட்டத்தைச் சட்ட உரிமை என்றும் சுயமரியாதை என்றும் பேசிவந்தோம். அது மனநலப் போராட்டமும்கூட என்று இப்போது எனக்குப் படுகிறது. ஒரு தெருவில் பயமில்லாமல் நடக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தெருவைப் பற்றி ஒரு புது நினைவு எழுதப்படுகிறது. நம் பிள்ளைகளின் தலைக்குள் எந்த வரைபடம் ஏற வேண்டும் என்பதற்கான சண்டை அது.

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பாப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கு பெட்ரோல் இருந்துச்சும்மா. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் இறங்கிட்டேன்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நான் டெய்லி அந்த வழியாதான் அத்தை சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள்.

அப்போதுதான் சித்தப்பா மகன் சொன்னான். எட்டு வருஷத்துக்கு முன்னால் காலனியில் ஒரு சாவு. பிணத்தை ஏரிக்கரையில் சுற்றி எடுத்துப் போகமாட்டோம், பொதுச்சாலையில்தான் போவோம் என்று பையன்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தாசில்தார் வந்து, ஆர்.டி.ஓ. வந்து, சமாதானக் கூட்டம் மூன்று நாள் நடந்து, கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு எடுத்துப் போனார்கள். இரண்டு பையன்கள்மேல் வழக்கு விழுந்தது. அதில் ஒருவன் இவன். எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை. எங்கள் ஆயாவும் அந்தத் தெரு வழியாகத்தான் போனாள். அன்று நான் கடைசி பஸ்ஸில் வந்து, எல்லாம் முடிந்த பிறகு சேர்ந்தேன்.

தெரு மாறியிருக்கிறது. என் தலைக்குள் இருந்த தெருதான் பழையது. இதை ரொம்பவும் இனிப்பாக முடிக்கவும் எனக்கு மனமில்லை. "ஆறு மணிக்கு மேல போவியா?" என்று கேட்டதற்குப் பாப்பா, "ம்ஹூம், ஏரிக்கரை வழியா வந்துடுவேன்" என்றாள். அவள் வரைபடத்திலும் ஆறு மணிக்கு மேல் ஒரு புளியமரம் இருக்கிறது.

மறுநாள் காலை அப்பா பஸ்ஸுக்குக் கிளம்பினார். நானும் பாப்பாவும் கூட நடந்தோம். ஊர்த்தெரு முனையில் அப்பாவின் கை வழக்கம்போல வேட்டிக்குப் போனது. பாப்பா அவர் கையைப் பிடித்து இழுத்து, பள்ளியில் கபடியில் ஜெயித்த கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அப்பா "மெதுவா பேசும்மா" என்றார். அவள் மெதுவாகப் பேசவில்லை. தெரு முடிந்து புளியமரத்தைத் தாண்டிய பிறகு பார்த்தேன். வேட்டி இறங்கித்தான் இருந்தது. ஆனால் அப்பா பாதியில் கதை கேட்க ஆரம்பித்துவிட்டிருந்தார். "அப்புறம் என்னாச்சு?" என்றார்.

ஜெய் பீம்.